அக்கா இல்லாத நாளின் எடை

இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை மடிப்பக்கா ஒரே ஆளாக மடிப்பார். விரிப்பின் நடுவை மோவாய்க்கு அடியில் அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி ஓரங்களைச் சேர்த்து, ஓர் உதறு உதறி மேசையில் போட்டு ஒரு தட்டுத் தட்டுவார். அது பாட்டுக்குச் சதுரமாகக் கிடக்கும். சூட்டோடு வரும் துணியை அப்படி வைத்து வைத்து அவருடைய மோவாயில் ஒரு சிவப்புத் தடம் நிரந்தரமாகவே விழுந்துவிட்டது. நான் அந்தச் சலவைக்கூடத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். மருத்துவமனைகளிலிருந்து அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு வருவதும், வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவதும் என் பிழைப்பு. நடைக்கு இவ்வளவு என்று எனக்குத் தனிக் கூலி. அதனால் இங்கே சொல்லப்போகும் பங்கு விவகாரத்தில் எனக்குக் கால் காசு வரவும் இல்லை, போகவும் இல்லை. ஆனாலும் வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

கூடத்துக்குள் நாலு பேர். வாசலை ஒட்டித் துவைக்கும் மெஷின்கள். அவற்றை ஓட்டுகிறவருக்கு நுரை என்று பெயர். மெஷினால் வந்த பெயர் இல்லை. பேச ஆரம்பித்தால் மனுஷனுக்கு வாயோரம் நுரை கட்டும். அடுத்தது சூடான பெரிய உருளை. ஈரத்துணியை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் உருளையண்ணன். கடைசியில் மடிப்பு மேசை. ஒரு பக்கம் மடிப்பக்கா, எதிர்ப்பக்கம் சின்னவள். சின்னவளுக்கு இரண்டு கைப்பிள்ளைகள். மாமியார் வீட்டில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்து எழுந்து வருகிறவள்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குத் 'தாங்கிக்கிறது' என்று பெயர். பெரிய முதலாளி காலத்தில் உண்டானது. அவர் யார் வந்தார், யார் வரவில்லை என்று தலையை எண்ண மாட்டார். சாயங்காலம் வாசல் தராசில் மூட்டைகளை ஏற்றி எடையை மட்டும் பார்ப்பார். எடை குறைந்திருந்தால், 'எவன் வரல?' என்று கேட்டு, வராதவரை மறுநாள் எல்லார் முன்னாலும் நாற அடித்து, சம்பளத்திலும் கை வைப்பார். எடை குறையவில்லை என்றால் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆகவே யாருக்காவது வீட்டில் நோவு, சாவு, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்றால், 'நீ போ, நாங்க தாங்கிக்கிறோம்' என்று மற்றவர்கள் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து எடையைச் சரிக்கட்டிவிடுவார்கள். உருளையண்ணனுக்கு மாதம் ஒரு நாள் காய்ச்சல் வரும். சம்பளம் வாங்கிய மறுநாளே வருகிற காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று எல்லாருக்கும் தெரியும். அதையும் தாங்கினார்கள்.

அதிகம் தாங்கியது மடிப்பக்காதான். சின்னவளின் இரண்டு பிரசவத்துக்கும் தனியாளாக மடித்தவர் அவர். நுரையின் அம்மா படுக்கையில் கிடந்தபோது துவைக்கும் மெஷினைக் கற்றுக்கொண்டார். உருளையண்ணனின் காய்ச்சல் புண்ணியத்தில் உருளையும் பழகிவிட்டது. ஆனால் அவர் மட்டும் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால், "வீட்டுல மட்டும் என்ன, அங்கயும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்" என்பார்.

வீட்டில் அவருக்கு ஒரு கணவர். கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர். கயிற்றில் தொங்கிக்கொண்டே வாயில் பீடியோடு வேலை செய்வாராம். அப்புறம் கால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மரத்து, ஒரு நாள் எழுந்து நிற்கவே முடியாமல் போய்விட்டது. நரம்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் இருந்தது மூன்றாம் மாடியில். ஒரு முறை அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நானும் நுரையும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அத்தனை உயரத்தில் கயிற்றில் தொங்கி வேலை செய்த மனுஷன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அன்றைக்குத் திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு அவர் கீழே வரவே இல்லை. நான் மருந்து வாங்கிக் கொடுக்கப் போகும்போதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் பேசுவார். "உயரத்துலயே சம்பாதிச்சேனா, உயரத்துலயே விட்டுட்டாங்க தம்பி. எனக்கு வானம் பக்கம், தரைதான் தூரம்" என்பார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த மாதிரி ஒரு அறையில் தையற்காரர் ஒருவர் இருந்தார். அவர் காலி செய்தார். அக்கா அன்றைக்கே வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டார். மாடி அறைக்கும் அந்த அறைக்கும் அளவு ஒன்றுதான், சுவர் ஒன்றுதான், ஒழுகுவதும் ஒன்றுதான். வாடகை மட்டும் கூட. "கீழ்வீடுன்னா அப்படித்தாம்மா. முதல்ல கேட்டது நீ, அதனால மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா. அக்கா இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார், சாமான் இறக்க வண்டி வேண்டுமே. "ஆகற வரைக்கும் வாயைத் திறக்காத. உன் வாய் எனக்குத் தெரியும்" என்றும் சொன்னார். அவர் கணவர் அதற்குள் நாற்காலியை எங்கே போடுவது என்று முடிவே செய்துவிட்டார். வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் இரண்டு பேருக்கும் தகராறு.

பணத்துக்கு வழியும் வந்த மாதிரி இருந்தது. பெரிய முதலாளி நெஞ்சுவலியில் படுத்ததும் அவருடைய மாப்பிள்ளை கூடத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தவர். கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வந்த உடனே உருளைக்குப் பக்கத்தில் காற்றாடி மாட்டினார். எங்களோடு 'நீங்க', 'வாங்க' என்று மரியாதையாகத்தான் பேசுவார். அவர் வந்த நேரம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றோடு புது ஒப்பந்தம் கூடியது. நாலு பேரையும் கூப்பிட்டு, "கூடுதலா வர்றதுல ஒரு பகுதியை மாசாமாசம் உங்களுக்குள்ள பங்கு போடப் போறேன். சம்பளம் அப்படியே இருக்கும், இது அதுக்கு மேல" என்றார். நுரைக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. நாலில் ஒரு பங்கு வந்தாலே கீழ்வீட்டு வாடகைக்குக் கட்டிவரும் என்று அக்கா மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். முகத்திலேயே தெரிந்தது.

சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் கதை முடிந்தது. மாப்பிள்ளைக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டு வந்தார்.

"வர்ற வருமானம் யாருக்கு எவ்வளவு போகணும், ஏன் போகுதுன்னு பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் மண்டையை உடைச்சிருக்காங்க. ஒரு கூட்டம் சொல்லுது, கூலிங்கறது ஆள் சாகாம மறுநாள் வேலைக்கு வர்ற அளவுக்கு மேல போகாதுன்னு."

"இதுக்கு எதுக்கு சார் மண்டையை உடைக்கணும். என் வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்திருந்தா சொல்லியிருப்பேனே."

சிரித்தார். "இன்னொரு கூட்டம், எல்லாத்தையும் உண்டாக்குறது தொழிலாளி, கூலி போக மிச்சத்தை முதலாளி எடுத்துக்கிறார்னு சொல்லுது."

"அவங்களை உங்க மாமனார் பக்கம் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல."

"வாடகைக்கு ஒரு கொள்கை இருக்கு. இடத்துக்காரர் புதுசா எதுவும் செய்யறதில்ல. நல்ல இடம் கொஞ்சம், கேக்கறவங்க நிறைய. நல்ல இடத்துக்கும் மட்டமான இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே அவர் பைக்குப் போயிடும்."

"மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரியா சார்?"

"அதேதான். சரியாப் பிடிச்சீங்க."

எனக்கு அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. நான் வண்டியை ஓட்டினேன். அவர் தொடர்ந்தார். "பேரம்தான் எல்லாம்னு சொல்றவங்களும் உண்டு. யாரால காத்திருக்க முடியுமோ அவங்களுக்குக் கூடப் போகும், அவசரக்காரங்களுக்குக் குறையும். ஆனா எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. ஒருத்தர் இருக்கறதால எவ்வளவு கூடுது? அவர் இல்லன்னா எவ்வளவு குறையுது? அந்த அளவுதான் அவரோட பங்கு. இதுல மூஞ்சி பார்த்துக் கொடுக்கற வேலையே இல்ல. வகுப்புல இதை ஒரு கோடு வரைஞ்சு காட்டிட்டு விட்டுடுவோம். நான் நெஜமாவே அளந்து பார்க்கப் போறேன்."

மறுநாள் கூடத்தில் சொன்னார். ஆளுக்கு ஒரு நாள் லீவு, சம்பளத்தோடு. ஒருவர் இல்லாத நாளில் வேலை எப்படிப் போகிறது என்று அவர் எடை போட்டுப் பார்ப்பார். அதை வைத்துப் பங்கு. அவர் விளக்கமாகத்தான் சொன்னார், நானும் நின்று கேட்டேன். ஆனால் கல்லூரியில் சொல்கிற மாதிரி சொன்னார். அந்த நாலு பேர் காதிலும் விழுந்தது இரண்டே விஷயம்: சம்பளத்தோடு லீவு, சாயங்காலம் எடை. வருஷக்கணக்காக எடை என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். ஆள் இல்லாவிட்டாலும் குறையக் கூடாது.

முதல் லீவு மடிப்பக்காவுக்கு என்று முடிவானது. வேலையில் மூத்தவர், லீவே எடுக்காதவர் என்ற மரியாதை. அதைச் சொன்னதே சின்னவள்தான். "முதல்ல அக்கா போகட்டும் சார்."

அன்றைக்கு மூட்டை ஏற்ற நான் போனபோது கூடமே வேறு மாதிரி இருந்தது. நுரை ஒரு பக்கம் மெஷினை ஓடவிட்டு மறு பக்கம் மடிப்பு மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தார். அவர் மடித்ததைப் பார்த்தால் பூனை புரண்ட துணி மாதிரி இருந்தது, ஆனாலும் விடாமல் மடித்தார். சின்னவள் அக்கா செய்கிற மாதிரியே மோவாயில் வைத்து மடித்து, சூடு தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். உருளையண்ணன் டீ குடிக்கக்கூட வெளியே வரவில்லை. அது அவருடைய சரித்திரத்திலேயே கிடையாது. சாப்பாட்டு நேரத்திலும் மெஷின்கள் ஓடின. 

சாயங்காலம் எடை போட்டார்கள். எப்போதும் போகிற அதே எடை. சொல்லப்போனால் ஒரு பிடி கூடுதல். சின்னவள் ஈரக் கையோடு என்னிடம் ஓடி வந்தாள்.

"பாத்தீங்களாண்ணே, அக்கா பேருக்கு ஒரு சொல்லு வரவிடல. எத்தனை தடவை எங்களைத் தாங்கியிருப்பாங்க. ஒரு நாளாச்சும் நாங்க தாங்க வேணாமா?"

அவள் மோவாய் சிவந்திருந்தது.  அடப்பாவிகளா, குழி தோண்டிவிட்டீர்களே என்று வாய்வரை வந்தது. அவ்வளவு சந்தோஷத்தில் இருப்பவளிடம் எப்படிச் சொல்வது? மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை தராசுக்கு மேலே மாட்டியிருந்த பலகையில் எழுதினார். வழக்கமான எடை. அக்கா இல்லாத நாளின் எடை. வித்தியாசம்: இல்லை. எழுதிவிட்டு, தயங்கித் தயங்கி அதன் அர்த்தத்தைச் சொன்னார். அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. நுரை, "சார், நாங்க தாங்கிக்கிட்டோம் சார், அக்கா இல்லாம இல்ல, நாங்கதான்..." என்று என்னென்னவோ சொன்னார். வாயில் நுரைதான் வந்தது, விளக்கம் வரவில்லை. சின்னவள் பலகையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  முந்தின நாள் நுரை மடித்து வைத்த ஒரு அடுக்கு அனுப்பாமல் கிடந்தது. மடிப்பக்கா அதைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

நான் வண்டியில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். வாய் நீளம் என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறது, அன்றைக்காவது உபயோகப்படட்டுமே.

"இது அநியாயம் சார். அவங்க மேல உள்ள பாசத்துல மூணு பேரும் உசிரை விட்டு வேலை செஞ்சிருக்காங்க. தினமும் அப்படிச் செய்ய முடியுமா? அந்த அம்மாவுக்கு இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். "அதையேதான் நானும் யோசிச்சேன். ஆனா இப்ப அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. மறுபடி வெச்சா வேணும்னே மெதுவாச் செய்வாங்க. தெரியாம செஞ்சதுல வந்த அளவுதான் உண்மையான அளவு."

"அப்ப மத்த மூணு பேருக்கு? அவங்க நாள்லயும் எல்லாருக்கும் தெரியுமே, மெதுவாத்தானே செய்வாங்க?"

 "அது சரிதான்" என்றார் கடைசியில். "ஆனா பாதியில நிறுத்துனா மாமா என்ன சொல்வார் தெரியுமா? நீ பாடம் நடத்தத்தான் லாயக்கு, போய் அதையே பண்ணும்பார். இந்தப் பங்கே வேணாம்னுதான் அவர் முதல்லேர்ந்து சொல்லிட்டிருக்கார். ஏதோ ஒரு அளவைக் காட்டினாத்தான் பணத்தை அவர்கிட்டேர்ந்து வாங்கவே முடியும்."

 அவர் மாமனாருக்குப் பயந்தார், மாமனார் சாவுக்குப் பயந்தார். நான் ஹாரனை அழுத்தினேன், யாரும் குறுக்கே வராமலேயே.

அன்று மத்தியானம் அக்கா பின்வாசலில் தண்ணீர் குடிக்க வந்தபோது நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, ஒரு வழி இருக்கு. உங்களுக்கு மூணு வேலையும் தெரியும். நாளைக்கு நுரை வரமாட்டார். நீங்க வழக்கம்போலத் தாங்கிடுங்க. அடுத்த ரெண்டு நாளும் அதே மாதிரி. யார் நாள்லயும் எடை குறையலன்னா எல்லாருக்கும் 'இல்லை'தான். அப்புறம் அவருக்குச் சமமாப் போடறதைத் தவிர வேற வழியில்ல. உங்க கீழ்வீடு உங்களுக்கு."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "காலையிலயே எனக்கும் அது தோணுச்சு. ஆனா நாலு பேர் பேருக்கு நேராவும் 'இல்லை'ன்னு எழுதினா, பெரியவரு அதைப் பாத்து என்ன சொல்வாரு? சமமாக் குடுன்னா சொல்வாரு? அப்ப மூணு பேரே போதும், ஒருத்தரை அனுப்பிடுன்னுதான் சொல்வாரு. யாரை அனுப்புவாங்க? கடைசியா வேலைக்குச் சேந்தவ சின்னவதான். அவ புருஷன் வேலை தேடிப் போய் ஆறு மாசமா ஒத்தப் பைசா வரல."

"அப்ப நீங்க?"

"எனக்குத்தான் எழுதியாச்சே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபம் அவர் மேலா, மாப்பிள்ளை மேலா, அந்தப் பலகை மேலா என்று இன்றுவரை தெரியவில்லை.

நுரை இல்லாத நாளில் மெஷின்கள் பாதி நேரம் சும்மா நின்றன. உருளையண்ணன் இல்லாத நாளில் ஈரத்துணி குவிந்து நாற்றம் அடித்தது. யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை, ஆனால் யாரும் ஓடவில்லை. பலகையில் நல்ல நல்ல வித்தியாசங்களாக ஏறின. கூடத்தில் பேச்சும் குறைந்துபோனது. யார் யாருக்காக எவ்வளவு மெதுவாகச் செய்கிறார்கள் என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷமாகத் தாங்கியவர்கள் அவர்கள்.

சின்னவள் இல்லாத நாள்தான் என்னால் மறக்க முடியாதது. நான் உள்ளே போனபோது உருளையிலிருந்து விரிப்புகள் வந்து வந்து விழுந்துகொண்டிருந்தன. மேசை நிறைந்து தரையிலும் சரிந்திருந்தது. மடிப்பக்கா மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. ஒரு விரிப்பு அவர் காலருகே விழுந்தது. கை தானாகப் போய் அதன் ஓரத்தைப் பிடித்தது, பாதி தூக்கியது. அப்புறம் நினைவு வந்த மாதிரி விட்டுவிட்டார்.

"உடம்பு சரியில்லையாக்கா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"கை வலிக்குதுப்பா."

"எதுவும் செய்யலையே."

"அதான் வலிக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவர் நினைத்திருந்தால் அந்தக் குவியலை மோவாயாலேயே முடித்திருப்பார். சின்னவளின் பிரசவத்தின்போது இதைவிட அதிகமாக முடித்தவர். அன்று அவர் தூக்காமல் விட்ட ஒவ்வொரு விரிப்பும் சின்னவளின் பங்கில் ஏறியது, அவருக்கு வந்திருக்கக்கூடிய சமப்பங்கிலிருந்து போனது. இரண்டும் ஒரே பானையிலிருந்துதானே வர வேண்டும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. நல்லா இருங்க என்று வாயால் வாழ்த்துகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு வாழ்த்தியவரை அப்போதுதான் பார்த்தேன்.

நாலு நாளில் அதிகம் குறைந்தது சின்னவள் இல்லாத நாளின் எடைதான். ஆகப் பெரிய பங்கு அவளுக்கு. மூன்று பேரின் குறைகளையும் கூட்டினால் கூடத்தின் மொத்த வேலையையே தாண்டுகிறது, கணக்கு உதைக்கிறது என்று மாப்பிள்ளை வண்டியில் வந்து புலம்பினார். "புத்தகத்துல அழகா சமமா வரும். இங்க வரல" என்றார். எப்படியோ அதைச் சுருக்கி மூன்று பேருக்கும் பொருத்திவிட்டார். அக்காவுக்கு ஆறுதலாக ஏதோ கொடுத்தார். அது கணவருடைய ஒரு வார மாத்திரைக்கு வரும். அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "சரி சார்" என்றார். அன்றைக்கு மாப்பிள்ளை சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனதை நான் பார்த்தேன்.  அதனால் அக்காவுக்கு என்ன ஆயிற்று?

மாசக் கடைசி வந்தது. அக்கா வீட்டுக்காரம்மாவிடம் போய் இன்னும் கொஞ்ச நாள் கேட்டார். "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லம்மா, பூட்டிப்போட்டாலும் எனக்கு நட்டமில்ல. ஆனா கேக்கறவங்க வந்தா குடுத்துடுவேன்" என்றார் அந்த அம்மா. யாரால் காத்திருக்க முடியுமோ அவர்களுக்குத்தான் கூடப் போகும் என்று மாப்பிள்ளை சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மா எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை.

கேட்கிறவர் வந்தார். மடிப்பு மேசையில் விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டே சின்னவள்தான் சொன்னாள். நான் பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க கட்டடத்துல கீழ ஒரு ரூம் பூட்டிக் கெடக்குல்ல? இந்தப் பணம் வருதே, அதை வெச்சு மாமியார் வீட்டை விட்டு வந்துடலாம்னு பார்க்கறேன். பிள்ளைங்க ரெண்டும் கால் நீட்டிப் படுக்கவே எடமில்லாம சுருண்டு கெடக்குதுங்க. அந்த ரூம் எப்படிக்கா? ஓதம் அடிக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்புறம் நான் மூட்டைக் கயிற்றைத்தான் இறுக்கினேன்.

"ஓதமெல்லாம் இல்ல" என்றார் அக்கா. "காலையில வெயில் வரும். கதவைத் திறந்து வெச்சா தெருக்கோடி வரைக்கும் தெரியும். பிள்ளைங்களுக்கு நல்ல எடம். எடுத்துக்கோடி."

விரிப்பின் இரண்டு முனைகளும் சேர்ந்தன. அக்கா வாங்கித் தட்டி அடுக்கில் வைத்தார்.

சாமான் இறக்க என் வண்டிதான் போனது. அக்காவுக்கென்று சொல்லி வைத்திருந்த வண்டி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பாத்திர மூட்டை, பிள்ளைகளின் தூளி. அவ்வளவுதான் சின்னவளின் குடித்தனம். கட்டிலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அக்கா பிடித்தார். சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவைத் திறப்பதும் மூடுவதும், பிள்ளையைத் தூக்கி வாசலைக் காட்டுவதுமாக இருந்தாள். அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. திட்டுவதற்கு அவள் என்ன செய்தாள்?

மேலேயிருந்து, மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக, அக்காவின் கணவர் குரல் கேட்டது. "கீழ யாரு, குடி வந்தாச்சா?"

அக்கா அண்ணாந்து பார்த்தார். "வந்தாச்சு. நம்ம சின்னவதான்."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை உள்ளே போனது. அவருக்கு விஷயம் அப்போதுதான் தெரிகிறது என்று எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அக்கா சொல்லவே இல்லை போல. அப்புறம், "நல்லதாப் போச்சு. பிள்ளைங்க சத்தம் கேக்கும்" என்றார். 

எல்லாம் இறக்கி முடிந்ததும் அக்கா படியேறக் கிளம்பினார். சின்னவள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமான பிரியத்தோடுதான் பிடித்தாள், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, இனிமே மாமாவைச் சாயங்காலமானா இங்க வந்து உக்காரச் சொல்லுங்க. எங்க வாசல்லேர்ந்து ரோடு நல்லாத் தெரியுது. அவருக்குப் பொழுது போகும். நாற்காலி நான் போட்டு வைக்கறேன்."

சந்தோஷத்தில் இருக்கும் மனுஷருக்கு மாடிப்படி ஞாபகம் வராது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிக் கதவைப் பார்த்தேன்.

"சொல்றேன்டி" என்றார் அக்கா. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார். திரும்புகிற இடத்தில், நாற்காலி மாட்டிக்கொண்ட அதே இடத்தில், கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

சின்னவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நாற்காலியை அன்றைக்கே வாசலில் போட்டுவிட்டாள். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.